வீட்டுச் சத்தம்

“கட்டுரையோட முதல் பாராவே ஓடலை” என்றார் எடிட்டர் மேடம், ஸ்பீக்கர் போனில்.

“மாத்திடறேன் மேடம்” என்றாள் அவள், துணி மடித்தபடியே.

வீட்டிலிருந்தபடி நாலைந்து பத்திரிகைகளுக்கு எழுதுபவள் அவள். மற்றவர்களைச் சமாளித்துவிடலாம். இந்த மேடம் கறார். “புள்ளைகுட்டி சாக்கெல்லாம் என்கிட்ட செல்லாது. பேசும்போது வீட்டுச் சத்தமே கேக்கக் கூடாது” என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அதனால் தனக்கு ஒரு கைக்குழந்தை இருப்பதைப் பற்றி இவள் மூச்சே விடவில்லை.

“அப்புறம் அந்த ரெண்டாவது பாரா...”

வீலென்று ஓர் அழுகை கிளம்பியது. எடிட்டரின் பேச்சு பட்டென்று நின்றது.

போச்சு, இந்த வேலையும் போச்சு! இந்தப் பக்கத்துச் சத்தம் போகாதபடி ம்யூட்டை அமுக்கிவிட்டு, போனும் கையுமாகப் படுக்கையறைக்கு ஓடினாள்.

மகள் விரலைச் சப்பியபடி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஆனால் அழுகை நிற்கவில்லை. அது போனுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. கூடவே எடிட்டரின் கிசுகிசுப்பு: “ஷ்ஷ்... அம்மா பேசிட்டிருக்கேன்ல, என் தங்கம்ல...”

மகளின் போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு ம்யூட்டை எடுத்தாள்.

“மன்னிச்சிருங்க மேடம். என் பொண்ணு அழறா. அப்புறமா பேசலாமா?”

மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு.

“சரிம்மா, போய்ப் பாருங்க. எவ்வளவு நேரம் வேணும்?”

“உங்களுக்கு எவ்வளவு வேணுமோ, அவ்வளவு மேடம்.”