ஏழாவது டேக்

“நிறுத்துங்க! மறுபடியும் விசிலு. யாரு பக்கத்துல குக்கர் ஓடுது?”

சாந்திமதிக்கு அழுகையே வந்துவிட்டது. திண்டிவனம் ‘நாலு சுவர்’ இசைக்குழுவின் முதல் பாட்டு இது. எழுதியதும் பாடுவதும் அவள்தான். ஆறு மணிக்குள் விழுப்புரம் போட்டிக்கு அனுப்பியாக வேண்டும். மணி ஐந்தரை. எடுத்த ஆறு டேக்கும் பாழ்.

அவரவர் அறையில், காதில் ஹெட்போனோடு, ஆன்லைனில் சேர்ந்து வாசிப்பதுதான் குழுவின் வழக்கம். வாத்தியங்களும் ஹெட்போனுக்குள் மட்டும் கேட்கிற எலக்ட்ரானிக் ரகம். பதிவின்போது பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, வாத்தியத்தின் பெயர்தான் என்று ஒரு சட்டம் வேறு. தொழில்முறையாம்!

“என் ரூம்ல ஃபேன்கூட ஓடல,” என்றது கிடார்.

“டிரம்ஸ் பக்கந்தான் இருக்கும்,” என்று கோள் மூட்டியது கீபோர்டு.

“நானா? கதவ சாத்திக்கினு வேர்வைல குளிச்சிக்கினு கெடக்கறேன். சும்மா பேஜாரு பண்ணாதீங்க!” டிரம்ஸ் சீறியது.

“சண்டை வேணாம். ஜல்தியா எடுப்போம்,” சாந்திமதி கெஞ்சினாள். “உருகி வாசிக்கணும். கேக்கறவங்க கண்ணு கலங்கணும்.”

ஏழாவது டேக். கண்ணை மூடிக்கொண்டு பாடினாள்.

‘செல்போனத் தூக்கி ஓரம் வையி,
பக்கத்துல உக்காந்து பேசு...’

என்ன குரல்! கிடாரும் குழைந்தது. விசிலும் இந்த முறை வரவில்லை. கடைசி வரியில் சாந்திமதிதான் மூக்கைச் சுளித்து நிறுத்தினாள்.

“ஏதோ தீயற வாடை வருதே?”

“எனக்கும் வருது,” என்றது கீபோர்டு.

“எனக்கும்,” என்றது கிடார்.

“எனக்குந்தான்,” என்றது டிரம்ஸ்.

நாலு பேரும் ஹெட்போனைக் கழற்றி வீசிவிட்டு ஓடினார்கள். ஒரே கூடத்தில் நான்கு கதவுகள் திறந்தன. மகன் சுதீஷ் கிடாரோடு நின்றான். மகள் ஸ்ரீநிதி பாய்ந்துபோய் அடுப்பை அணைத்தாள். குக்கருக்குள் அவிக்கப் போட்ட மல்லாட்டைக் கடலை கரியாகியிருந்தது.

கையில் டிரம்ஸ் குச்சிகளோடு நின்ற கணவர் பார்சுவநாதனை சாந்திமதி ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏங்க, வல்லத்துக்குப் போயிருந்த நீங்க எப்ப வீட்டுக்கு வந்தீங்க?”

“முந்தாநேத்து. இன்னிக்கிகூட, மல்லாட்ட வேகப் போட்டிருக்கேன், குக்கர எறக்கி வையுங்கன்னு குரூப்ல மெசேஜ் போட்டிருந்தேனே!”