முடிவைச் சொல்லக் கூடாது

ஆபரேஷன் அறையின் மூடிய கதவுக்கு எதிரே, பெஞ்சில் வைத்தியும் நானும் உட்கார்ந்திருக்கிறோம். உள்ளே அவன் மனைவி அனந்தலக்ஷ்மி. தில்லியின் ஜனவரி வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை அவன் ஸ்வெட்டர்மேல் கோடுகோடாகப் போட்டிருக்கிறது. ஃபிலிம் சொசைட்டியில் நாங்கள் பித்தாகப் பார்க்கும் பழைய கறுப்பு வெள்ளைக் குற்றப்படங்களின் அதே வெளிச்சம். "ஏதாவது பேசேன் சேஷா. சமீபத்துல என்ன பாத்தே?" என்கிறான். மடையன் நான், போன வாரம் பார்த்ததை ஆரம்பித்துவிடுகிறேன். மழைத் தெரு, தொப்பிக்காரன், அவனை நம்பி ஓடிவரும் பெண். "அவசியம் பாக்கணும்டா" என்று சிபாரிசு வேறு. அவள் குண்டடி பட்டுப் படிக்கட்டில் சரியும் இடம் வந்ததும்தான் எனக்கு உறைக்கிறது. அடுத்த காட்சியில் அவள் செத்துப்போவாள். ஃபிளாஸ்க் மூடியில் ஊற்றிய காபி குடிக்கப்படாமல் ஆடை கட்டியிருக்கிறது. "அச்சா, அப்புறம்?" என்கிறான். "முடிவைச் சொல்லக் கூடாது. அதானே நம்ம சட்டம்?" என்று நழுவப் பார்க்கிறேன். லோதி ரோடு பஸ் ஸ்டாப்பில் இந்தச் சட்டத்துக்காக என் சட்டையைப் பிடித்தவன் இவன். இப்போது மணிக்கட்டைப் பிடிக்கிறான். விரல்கள் சில்லிட்டிருக்கின்றன. "சட்டம் கிடக்கட்டும். அவ பொழைச்சுடறாளா?"

"பொழைச்சுடறா."

கதவு திறக்கிறது. நர்ஸ் தலையை நீட்டி, "அனந்தலக்ஷ்மி கே சாத் கௌன் ஹை?" என்று கூட வந்தவரைத் தேடுகிறாள். வைத்தி திரும்பவில்லை. பிடி இறுகுகிறது. "அந்த முடிவை இன்னொரு தடவை சொல்லுடா."