திரும்பிப் போகாத தட்டு

ஒரு கிறிஸ்துமஸ் காலையில், ரோஸ்லின் வீட்டு எவர்சில்வர் தட்டு அச்சுமுறுக்கைச் சுமந்துகொண்டு அடுத்த தெருவில் தனியாக இருந்த திரவியத்தின் வீட்டுக்கு வந்தது. பலகாரம் வந்த தட்டை வெறுமனே திருப்பாமல், ஒரு பிடி சீனியாவது போட்டு அனுப்புவது அந்த ஊர் வழக்கம்.

"ஏட்டி, கொஞ்சம் சீனி போடு. நான் வீட்டுக்குப் போகணும்," என்றது தட்டு, அலமாரியிலிருந்த சீனி டப்பாவிடம்.

"என்னைத் தட்டிப் பாரு. சத்தம்தான் வரும்," என்றது டப்பா.

"அப்போ சும்மாவே அனுப்பட்டும். நானா வெட்கப்படப் போறேன்?"

"நீ படமாட்டே. அவ படுவா."

திரவியம் தட்டைத் துடைத்து வாசல்வரை எடுத்துப்போவாள். பிறகு திரும்பி வந்து கவிழ்த்துவைப்பாள். தட்டைக் கேட்டுவிடுவார்களோ என்று ரோஸ்லினின் தெருப்பக்கம் போவதையே விட்டுவிட்டாள். காப்பியையும் கசப்பாகவே குடித்தாள். இத்தனை நாள் கழித்து ஒரு பிடியோடு அனுப்ப மனமில்லாமல், தட்டு நிறையட்டும் என்று ரேஷன் சீனியை மாதாமாதம் டப்பாவில் சேர்த்தாள்.

மறு கிறிஸ்துமஸ் காலையில் தட்டு நிறையச் சீனி கொட்டி, நல்ல சேலை உடுத்திக் கதவைத் திறந்தாள். படியில் அச்சுமுறுக்கோடு ஒரு காகிதத் தட்டு இருந்தது.

"யாரு வந்தா?" என்று கேட்டது எவர்சில்வர் தட்டு.

"ரோஸ்லினக்காதான். 'அந்தத் தட்டு போனா போகட்டும், பாவம். இதுன்னா திருப்பித் தர வேண்டாம்'னு சொன்னாங்க. இந்த வீட்டம்மா சங்கடப்படுவாங்கன்னு கதவைத் தட்டல," என்றது காகிதத் தட்டு.

அது பேசியது திரவியத்துக்குக் கேட்கவில்லை. காகிதத் தட்டைப் பார்த்ததே போதுமாயிருந்தது. சீனியைச் சிந்தாமல் டப்பாவில் திருப்பிக் கொட்டினாள். அச்சுமுறுக்கை எவர்சில்வர் தட்டுக்கு மாற்றி, தனியே உட்கார்ந்து தின்றாள்.

"இனி நான் இந்த வீட்டுத் தட்டுதான் போலிருக்கு," என்றது தட்டு.