மூடிவைத்த தண்ணீர்

தாளில் கதவு மூடும் இடம் வந்ததும், வரியோடு ஓடிய அவள் விரல் நின்றது.

விண்கலத்தின் வெளிக்கதவு. அதற்கு அப்பால் ஒரு பெண். இந்தப் பக்கம் தளபதி மாறவேள், அவளைப் பெற்றவர். கலத்தில் இருக்கும் மற்றவர்களைக் காப்பாற்ற அவரே பொத்தானை அழுத்துகிறார்.

கண்ணாடி வழியாக மகள் கையசைக்கிறாள்.

பிறகு அவள் இல்லை.

இதை எழுதியவன் எதிரே, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். முப்பது வயதிருக்கும். அவளுடைய அப்பா வார இதழில் எழுதிய விண்வெளித் தொடருக்கு, அவர் இறந்து பல காலம் கழித்து, முன்கதை எழுதியிருக்கிறான். பதிப்பகம் அறிவித்துவிட்டது. அட்டைப்படம்கூட வந்துவிட்டது. அவள் சம்மதம்தான் பாக்கி.

பந்தல் போட்டுவிட்டுப் பெண் கேட்க வந்திருக்கிறார்கள்.

அவள்தான் ஒரே வாரிசு. பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போனதற்காக அப்பா தலைமுழுகிய மகள். ஊர் பார்க்கக் கிணற்றடியில் குடம் குடமாக ஊற்றிக்கொண்டாராம். என் மகள் செத்துப்போனாள் என்றாராம். அப்பா தலைமுழுகினாலும் சட்டம் முழுகவில்லை.

அவள் மறுபடி அந்த வரியைப் பார்த்தாள். அவரே பொத்தானை அழுத்துகிறார்.

இவனுக்கு யார் சொன்னார்கள்?

வீட்டுக் கதையைத் தோண்டி எடுத்து, அதற்கு விண்கலம் வாங்கிக் கொடுத்து, என்னிடமே கையெழுத்துக் கேட்கிறானா? வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். புத்தகம் இங்கேயே முடிந்துவிடும்.

அவனுக்கும் அது தெரிந்திருந்தது. அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்தப் பொண்ணை ஏன் தம்பி கொன்னீங்க?"

அவன் பதறிவிட்டான்.

"நான் கொல்லலைம்மா. ஐயாவே அப்படித்தான் வச்சிருக்காரு. தளபதியோட சாப்பாட்டு மேசையில ஒரு காலி நாற்காலி இருக்குமே, அதை வச்சுத்தான் எழுதினேன்."

காலி நாற்காலியைப் பற்றி அவளுக்குத் தெரியாது. தொடரின் ஆரம்பத்தை அப்பா எழுத எழுத, மை காயும் முன் படித்தவள் அவள். வீட்டை விட்டுப் போன பிறகு ஒரு வரி படித்ததில்லை. பெட்டிக்கடையில் அந்த இதழ் தொங்கினால் எதிர்ப்பக்கமாக நடந்தாள்.

"முதல்ல அந்த நாற்காலி கிடையாதும்மா. நடுவுல, ஒரு ஆடி மாச இதழ்ல திடீர்னு வரும். அப்புறம் கடைசி அத்தியாயம் வரைக்கும் இருக்கும். யாரோடதுன்னு ஐயா சொல்லவே இல்லை."

அவள் வீட்டை விட்டுப் போனது ஆனிக் கடைசியில்.

"சாப்பிட உட்கார்றப்பல்லாம் தளபதி அதுக்கு முன்னால ஒரு டம்ளர் தண்ணி வைப்பாரு. படையல்தானேம்மா அது? செத்தவங்களுக்குத்தானே வைப்போம்?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. பிடித்த ஒன்றைப் பற்றிப் பேசும்போது வரும் சிரிப்பு.

"வச்சுட்டு ஒரு தட்டால மூடுவாரு. வாசகர்கள் விடுவாங்களா? விண்கலத்துல ஏதுங்க தூசின்னு ஒரே கிண்டல். ஐயா கடைசி வரைக்கும் திருத்தலை. யானைக்கும் அடி சறுக்கும்தானே. நான் அந்தத் தட்டை மட்டும் விட்டுட்டேன்."

அவள் கையிலிருந்த தாள்களை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

கல்லூரி பஸ் தாமதமாகும் நாட்களில் அப்பா சாப்பிட உட்காரும் முன் ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி, அவளுடைய இடத்தில் வைப்பார். மேலே ஒரு சின்னத் தட்டு. வந்தவள் குடித்து முடிக்கும் வரை ஏன் தாமதம் என்று கேட்க மாட்டார். முதலில் தண்ணீர், பிறகுதான் திட்டு.

அந்தப் பழக்கம் அவளுக்கும் ஒட்டிக்கொண்டது. இன்று இவன் வருகிறான் என்று மேசையில் ஒரு டம்ளர் தண்ணீர் மூடி வைத்திருந்தாள். பயத்தில் அவன் அதைத் தொடவே இல்லை.

"படையலை யாரும் மூடி வைக்க மாட்டாங்க, தம்பி."

அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது.

"வர வேண்டியவங்களுக்குத்தான் மூடி வைப்பாங்க."

வெளியே ஒரு பால்வண்டி மணியடித்துப் போனது. அவன் மெல்ல எழுந்து வந்து, அவள் மடியிலிருந்த தாள்களை எடுத்துக்கொண்டான். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தான். வெளிக்கதவு வரும் வரியை அடித்தான். பொத்தானை அடித்தான். கண்ணாடியை அடித்தான். எத்தனை முறை எழுதிப் பார்த்த பக்கமோ, அடிக்கும்போது கை தயங்கவில்லை.

இருந்தாற்போலிருந்து நிறுத்தினான்.

"அப்போ அவ உயிரோடதான் இருக்கா."

அவள் தலையசைத்தாள். உள்ளே ஏதோ ஒன்று அவிழ்ந்தது. வந்த சந்தோஷத்தில் அழுகைகூட வரவில்லை. அப்பா கிணற்றடியில் ஊருக்காக முழுகியிருக்கிறார். மேசைக்கு வந்ததும் தட்டை எடுத்து மூடியிருக்கிறார். வாராவாரம். ஊரே சிரித்தபோதும்.

அவன் பேனாவின் பின்பக்கத்தைக் கடித்தபடி யோசித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இது இன்னும் கதைதான்.

"ஆனா இடிக்குதேம்மா. அவர் அத்தனை நாள் காத்துக்கிட்டிருக்காரு. அவளும் எங்கயோ இருக்கா." நிமிர்ந்து பார்த்தான். "அவ ஏம்மா கடைசி வரைக்கும் வரலை?"

அவள் வாயைத் திறந்தாள்.

தொண்டை காய்ந்திருந்தது.

கை நீட்டி, மேசையிலிருந்த டம்ளரின் மேலிருந்த தட்டை எடுத்தாள். தண்ணீர் முழுவதையும் அவளே குடித்தாள்.