இளையவனுக்கு ஒரு சீட்

பட்டாசு கிஃப்ட் பாக்ஸை மேசை மேல் வைத்து, இரண்டு கைகளாலும் மெல்ல முன்னே தள்ளினார் இராமகிருஷ்ணன். பட்டாசுக் கம்பெனியும் அச்சகமும் வைத்திருப்பவர். ஆனாலும் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தார்.

"இதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி?" என்றபடியே பாக்ஸை எடுத்துக் காலடியில் வைத்துக்கொண்டார் எம்பிஏ துறைத் தலைவர் புகழேந்தி.

"இளையவன் ஹரிஷ்குமார் விசயமா வந்தேன் சார். அவனும் இங்கனதான் எம்பிஏ சேரணும்னு அவுக அம்மா ஒத்தக்கால்ல நிக்கா. வீட்டுல அவ பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது."

"சேத்துட்டாப் போச்சு!"

"அம்புட்டு லேசாச் சொல்றீகளே? என்ட்ரன்ஸ், குரூப் டிஸ்கஷன், இன்டர்வியூன்னு உங்க நோட்டீஸ்ல போட்டிருக்கே. நம்ம பிரஸ்லதான அடிச்சோம். நானே புரூஃப் பாத்தேன்."

"அது ஊருக்கு அண்ணாச்சி. உங்களுக்கா?"

துறையில் பாதி இடங்களுக்கு மேல் இன்னும் காலி. அதைப் புகழேந்தி சொல்லிக்கொள்ளவில்லை.

"அவன் என்ட்ரன்ஸே எழுதலையே சார்."

"பேரு எழுதத் தெரியும்ல? ஒரு பேப்பர்ல எழுதித் தரச் சொல்லுங்க. அதான் என்ட்ரன்ஸ்."

"நாலு பேரு முன்னால வாயத் தொறக்க மாட்டான்."

"குரூப் டிஸ்கஷன்ல உக்காந்து கேக்கவும் ஆள் வேணும்ல?"

இராமகிருஷ்ணனின் முகம் வாடியது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு வேலையும் தானாச் செய்ய மாட்டான் சார். ஃபேன் சுவிட்ச்சப் போடக்கூட ஆளக் கூப்பிடுவான்."

"அதுக்குப் பேருதான் டெலிகேஷன்! நாங்க ரெண்டாவது செமஸ்டர்ல நடத்துற பாடம். தம்பி வரும்போதே படிச்சுட்டு வாராரு."

எவ்வளவு பெரிய மனிதர்களும் பிள்ளைக்குச் சீட் கேட்கும்போது இப்படித்தான் குறுகிப் போகிறார்கள் என்று புகழேந்தி நினைத்தார். பாவமாக இருந்தது.

"உங்க மூத்தவரும் நம்ம ஸ்டூடண்ட்தான!" என்றார் தேற்றும் குரலில். "படிச்ச கையோட கம்பெனியக் கையில எடுத்துட்டாருன்னு கேள்விப்பட்டேன். எப்படிப் போகுது?"

"ஏழாயிரம்பண்ணையில நமக்கு மூணு யூனிட் இருந்துச்சு. இப்ப ஒண்ணு இருக்கு."

"பாத்தீங்களா! தேவையில்லாததக் கழிச்சுட்டு ஒண்ணுலயே கவனம் வைக்கிறது. நான் நடத்துன பாடம் அண்ணாச்சி அது!" புகழேந்தி பூரித்துப் போனார்.

இராமகிருஷ்ணன் ஜன்னலுக்கு வெளியே இருந்த கருவேலங்காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். காற்றாடிச் சத்தம் மட்டும் அறையில் சுற்றிக்கொண்டிருந்தது.

புகழேந்திதான் குரலைத் தாழ்த்தினார். "டொனேஷன நெனச்சுத் தயங்குறீங்களா? நமக்குள்ள என்ன, பேசிக்கிடலாம்."

இராமகிருஷ்ணன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, மேசை மேல் குனிந்து, புகழேந்தியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம்புட்டு கேட்டாலும் தாரேன் சார். அவனுக்கு இடம் இல்லைன்னு அவுக அம்மாகிட்டச் சொல்லிருங்க!"