மிதவையில் எத்தனை பேர்

ஒரு வரி பின்னால் போகச் சொல்லும் கட்டளையைத் தட்டிவிட்டு, சூடு பட்டவள்போல் கையை இழுத்துக்கொண்டாள் சோவாஸிக்.

கணினியின் கறுப்புத் திரையில் விடை வந்து நின்றது. நீரோட்டத்தின் வேகம். சரியாகத்தான் இருந்தது.

தப்பாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தாள்.

நேற்று மாலை, பிரான்சின் மேற்குக் கரையை ஒட்டிய உவெஸ்ஸான் தீவுக்கு அப்பால் ஒரு மீன்பிடிப் படகு மூழ்கிவிட்டது. மிதவையில் இறங்குகிறோம் என்பதுதான் ரேடியோவில் கேட்ட கடைசிப் பேச்சு. அந்த ரப்பர் மிதவையைக் காற்றும் நீரோட்டமும் எங்கே தள்ளிக்கொண்டு போயிருக்கும் என்று கணித்து, கடல் வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தது சோவாஸிக் எழுதிய நிரல். விடிந்ததிலிருந்து ஹெலிகாப்டரும் மீட்புப் படகுகளும் அந்த வட்டத்தைச் சலித்துவிட்டன.

ஒன்றும் கிடைக்கவில்லை.

பிரெஸ்ட் துறைமுகத்தைப் பார்த்த அந்தச் சின்ன அலுவலகத்தில் யாரும் உரக்கப் பேசவில்லை. பக்கத்து மேஜை ரோனான் மட்டும் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தான். பல வருஷமாக அவளோடு வேலை செய்கிறவன்.

"எழுந்திரு சோவாஸிக். நான் பாக்குறேன். இன்னைக்கு நீ இதுல கை வைக்காத."

"நான் எழுதினதுடா. நீ படிச்சுப் புரிஞ்சுக்கறதுக்குள்ள இருட்டிடும்."

ஓகாமல் என்ற கணினி மொழியில் எழுதிய நிரலை, பிழை தேடும் கருவியான அதன் டீபக்கரில் ஓட்டினால் காலத்தைத் திருப்பலாம். முடிவில் நிறுத்திவிட்டு, வரி வரியாகப் பின்னால் நடக்கலாம். எந்த வரியில் எந்தப் பெயருக்கு என்ன மதிப்பு என்று கேட்டால் சொல்லும். ஒரு பெயருக்குக் கொடுத்த மதிப்பு நடுவழியில் மாறாது. கெட்டிருந்தால், பிறந்த இடத்திலேயே கெட்டிருக்க வேண்டும்.

அந்த இடத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தாள்.

பின்னால். காற்றின் திசை. சரி.

பின்னால். கடல் ஓதம் திரும்பிய நேரம். அதுவும் சரி.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு," என்று முணுமுணுத்த ரோனான், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

எல்லாம் சரி என்றால் வட்டமும் சரி. வட்டம் சரி என்றால், அங்கே காணாத மிதவை கடலுக்கு மேலே எங்கேயும் இல்லை.

இனிப் பின்னால் போக அதிக வரிகள் இல்லை. கட்டளையைத் தப்பாகத் தட்டினாள். உதவிக்கு நீண்ட ரோனானின் கையைத் தள்ளிவிட்டு மறுபடி தட்டினாள்.

மிதவையின் பாரத்தைத் தீர்மானிக்கும் இடம் வந்தது. ஆள் நிறைந்த மிதவை நீரில் அழுந்தி மெதுவாக நகரும். ஆள் குறைந்ததைக் காற்று பந்துபோல உருட்டிக்கொண்டு போய்விடும். நிரல் இந்த இரண்டில் எந்தக் கிளையில் இறங்கியிருக்கிறது என்று பார்த்தாள்.

நிறைந்த மிதவை.

உள்ளே எத்தனை பேர் என்று கேட்டாள்.

எட்டு என்றது திரை.

அது அந்த மிதவை தாங்கக்கூடிய ஆட்களின் எண்ணிக்கை. உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை வர வேண்டிய இடத்தில், போன வசந்தத்தில் ஏதோ ஒரு அவசரத்தில், அவளே அதை எழுதி வைத்திருந்தாள்.

"என் தப்புடா ரோனான்," என்றாள். "என் தப்பேதான்!"

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் மோவாயில் வழிந்து விசைப்பலகையில் சொட்டியது. ரோனான் அவள் தோளை இறுகப் பிடித்துக்கொண்டான்.

எட்டை எடுத்துவிட்டு இரண்டைப் போட்டு ஓட்டினாள். வட்டம் வடகிழக்கே வெகுதூரம் தள்ளிப்போய் விழுந்தது. இதுவரை யாரும் எட்டிப் பார்க்காத கடல்.

மீட்பு மையத்தில் போனை எடுத்த பெண் படபடவென்று இடத்தைக் குறித்துக்கொண்டாள். பின்னாலிருந்து யாரோ ரேடியோவில் அதையே உரக்கச் சொல்வது கேட்டது.

"ரெண்டு பேருன்னு எப்படிச் சொல்றீங்க? எங்க பதிவுல மூணுன்னு இருக்கே?"

"மூணாவது ஆளுக்குக் காய்ச்சல். வரல."

"உங்களுக்கு யார் சொன்னது?"

"நேத்து காலையில துறைமுகத்துல கொண்டுபோய் விட்டதே நான்தான்," என்றாள் சோவாஸிக். "படகுல ஏறினது ரெண்டே பேர். படகுக்காரரும், எம் பொண்ணும்."

எதிர்முனையில் அந்தப் பெண் ரேடியோப் பக்கம் திரும்பி ஏதோ கேட்டாள். பிறகு வந்த குரலில் அந்தப் படபடப்பு இல்லை.

"லைன்லயே இருங்கம்மா. ஹெலிகாப்டர் அந்தப் பக்கம் திரும்பிடுச்சு."