ஒரு எழுத்துகூட மாறக் கூடாது

“புத்தகத்துலேருந்து படத்துல ஒரு எழுத்து மாறியிருந்தாலும் தியேட்டர்லயே சத்தம் போடுவோம்,” என்றாள் பல் டாக்டர்.

கிளினிக்கின் காத்திருப்பு அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த நாற்பது பேரும் கைதட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பல்வலிக்காரர்கள் யாரும் இல்லை. இருந்திருந்தால் வலியை மறந்து அவர்களும் தட்டியிருப்பார்கள்.

‘சாம்பல் சிறகு’ வாசகர் வட்டத்துக்கு ஒரு வாரமாகவே கால் தரையில் பாவவில்லை. வேற்றுமொழியிலிருந்து வந்த அந்த மாயாஜால நாவல் வெள்ளிக்கிழமை படமாக வருகிறது.

“டிராகன் கண்ணு பச்சையா இருக்கணும்,” என்றார் பஸ் டிரைவர்.

“மஞ்சள் கலந்த பச்சை. ரெண்டாம் பாகத்தை ஒழுங்காப் படிங்கண்ணே,” என்று மடக்கினாள் தையல்கடை அக்கா.

டாக்டருக்குக் கண் எந்த நிறமானாலும் கவலையில்லை. எரிமலைக்குள் விழுந்த குட்டி டிராகன் திரும்பிப் பறந்து வருமே, அந்தக் கடைசிக் காட்சி வேண்டும். மூன்றாம் வகுப்பில் வாரப் பத்திரிகைத் தொடராகப் படித்தது. இன்றும் ஒரு வரி பிசகாமல் ஒப்பிப்பாள். அந்த இடத்தில் எல்லாரும் எழுந்து நின்று ஆட்டுவதற்காக நாற்பது ஜோடி காகிதச் சிறகுகளைத் தன் கையாலேயே வெட்டி வைத்திருந்தாள்.

தொடரை மொழிபெயர்த்தவரைத்தான் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார்கள். பேசச் சொன்னதும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“படத்துல குட்டி டிராகன் திரும்பி வராது. செத்துடும். முன்கூட்டியே தெரிஞ்சா அங்க போய் மனசு ஒடியாதேன்னு சொல்ல வந்தேன்.”

“அதை எதுக்கு சார் மாத்தினாங்க?” என்றாள் டாக்டர்.

“அவங்க மாத்தலைம்மா. மூலக்கதையில அது செத்துத்தான் போகும். தமிழ்ல நான்தான் பிழைக்க வெச்சுட்டேன்.”

டாக்டர் எழுந்தாள்.

“அடுத்தவங்க கதையில கைவைக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தா? இருபத்தேழு வருஷமா எங்களை ஏமாத்தியிருக்கீங்க.”

“தப்புதாம்மா.”

“யாராவது சொல்லிச் செஞ்சீங்களா?”

அவர் அவளையே ஒரு கணம் பார்த்தார்.

“இல்லை. எனக்காத் தோணிச்சு.”

அப்புறம் கேட்க வேண்டுமா, ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். அவரிடம் கையெழுத்து வாங்கக் கொண்டுவந்த புத்தகத்தை டிரைவர் பைக்குள் திணித்துக்கொண்டார். மனிதர் எல்லாவற்றையும் தலைகுனிந்து கேட்டுவிட்டு, கொடுத்த தேநீரைத் தொடாமல் கிளம்பினார்.

வழியனுப்பும் மரியாதையெல்லாம் இல்லை, பேச இன்னும் பாக்கி இருந்ததால் டாக்டரும் பின்னாலேயே போனாள்.

வாசற்படியில் நின்று, சட்டைப்பையிலிருந்து மடித்த நோட்டுத்தாள் ஒன்றை எடுத்து நீட்டினார் அவர்.

“எல்லார் முன்னாடியும் வேண்டாம்னு பார்த்தேன். அழைப்புல உங்க பேரையும், மூணாங்கிளாஸ்ல படிச்சேன்னு எழுதியிருந்ததையும் பார்த்ததுமே தேடி எடுத்துட்டேன். பத்திரிகை ஆபீஸ்லேருந்து அப்போ எனக்கு அனுப்பி வெச்சது.”

பழுப்பேறிய தாளில் பென்சில் எழுத்து.

‘தொடர்கதை மாமாவுக்கு, எரிமலையில விழுந்த குட்டி டிராகன் அடுத்த வாரம் செத்துப்போச்சுன்னா நான் சாப்பிடவே மாட்டேன். இப்பவும் சாப்பிடலை. தயவுசெய்து கதையை மாத்திடுங்க.’

கீழே, அழுத்தி அழுத்தி எழுதிய அவளுடைய பெயர். மூன்றாம் வகுப்பு, ஆ பிரிவு.